என் விரல் ஒளிர்வது பற்றி அக்காவுக்கு மட்டும்

அன்பும் அதட்டலும் குறைவில்லாத அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். உன் நலமும் அத்தானின் முழங்கால் நலமும் அறிய ஆவல். 'அனைவரும் நலம்' என்றதில் என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். பழக்கதோஷத்தில் கை எழுதிவிட்டது. என் நலம் இல்லாமை பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

தயவுசெய்து இதைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படி. அத்தானிடம் சொன்னால் அவர் நல்லெண்ணத்தில் நாலு பேரிடம் சொல்வார். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன், கடைசியில் "சரி, அடுப்புல வெச்சிருக்கேன்" என்று நீயே வைத்துவிடுவாய். போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆனது. "மகளுக்குப் பொண்ணு பொறந்துடுச்சுன்னு மூஞ்சியத் திருப்பிக்கிறியாமே? பாப்பாவ ஒருதடவகூடத் தூக்கலையாமே? குடையால தள்ளுறியாமே? உன் மக போன்ல விக்கி விக்கி அழுவுறா, வெக்கமா இல்லையா உனக்கு?" என்று இருபது நிமிடம் கேட்டாய். அந்த இருபது நிமிடத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு 'அது வந்து', ஒரு 'இல்லக்கா'. அதனால்தான் எழுதுகிறேன். குடையால் தள்ளியது உண்மை. காரணம் வேறு.

என் வேலை உனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்வாயே தவிர, ஊரில் எல்லாரிடமும் 'எலிக்குத் தீனி போடுறான்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாய். தீனி போடுவதோடு, கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, படம் எடுப்பதற்கு முன் எலிக்கு முடி மழிப்பது எல்லாம் நான்தான். ஆராய்ச்சிக் கூடத்தின் அடித்தளத்தில் அறுபத்து நான்கு வெள்ளைச் சுண்டெலிகளுக்குத் தாயும் நானே, தகப்பனும் நானே. மேலே சின்ன டாக்டர் என்று ஒரு பெண் இருக்கிறாள். நோய் பார்க்கும் டாக்டர் இல்லை, படித்து அந்தப் பட்டத்தை வாங்கப்போகிறவள். அவள் எலியின் இடது தொடையில் கிருமியைச் செலுத்துவாள். வலது தொடையில் கிருமி கிடையாது, வெறுமனே வீங்க வைக்கும் மருந்து. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு தொடையும் ஒரே மாதிரி வீங்கியிருக்கும். எது கிருமி, எது சும்மா வீக்கம் என்று முப்பது வருடம் வார்டில் நர்ஸாக நின்ற உன்னாலேயே சொல்ல முடியாது. பிறகு வாலில் ஊசி போட்டு ஒரு சாயம் ஏற்றுவாள். அந்தச் சாயம் உடம்பெல்லாம் சுற்றிவிட்டு, கிருமி இருக்கும் இடத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும். மிச்சம் மூத்திரத்தில் போய்விடும். மயக்க வாயு கொடுத்து எலியை ஓர் இருட்டுப் பெட்டிக்குள் படுக்க வைத்தால், நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தில் கேமரா அதைப் படம் பிடிக்கும். கம்ப்யூட்டர் திரையில் இடது தொடை மட்டும் சிவப்பும் மஞ்சளுமாக எரியும், வலது தொடை இருட்டாகக் கிடக்கும். அறுக்க வேண்டாம், கொல்ல வேண்டாம். கால் மணியில் எலி விழித்து எழுந்து மீசையைத் தடவிக்கொள்ளும். நாளைக்கு மனிதர்களுக்கும் இது வந்தால், ஆபரேஷன் முடிந்து காய்ச்சலில் கிடப்பவர் உடம்பில் கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கத்தி வைக்காமலே பார்த்துவிடலாம் என்று அவள் சொல்வாள். நல்ல காரியம்தான். நான் பத்து மாதமாக அந்தப் பெட்டியைப் பயபக்தியோடு துடைத்து வருகிறேன். பக்தி குறைவு, பயம் அதிகம்.

விபரீதம் போன வாரம் திங்கட்கிழமை நடந்தது. முப்பத்தொன்றாம் எண் எலியை நான் வக்கீல் என்று கூப்பிடுவேன், எதற்கெடுத்தாலும் பின்னங்காலில் எழுந்து நின்று எதிர்வாதம் செய்யும். அதற்குக் காலையில் சாயம் ஏற்றிப் படம் எடுத்திருந்தார்கள். மயக்கம் தெளியட்டும் என்று கையில் வைத்திருந்தேன். தெளிந்ததும் நன்றி சொல்வதுபோல் என் ஆட்காட்டி விரலைக் கவ்வியது. கையுறை கிழிந்தது. உள்ளே ஒரு கீறல், கடுகளவு ரத்தம். உடனே விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், அதுதான் சட்டம். பதிவேட்டைத் திறந்தேன், தேதி போட்டேன். எழுதினால் மருத்துவ அறைக்கு அனுப்புவார்கள், அங்கே ரத்தம் எடுப்பார்கள், ரத்தம் எடுக்க ஊசி குத்துவார்கள். ஊசி என்றால் நான் என்ன ஆவேன் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட்ட நாளில் கட்டிலுக்கு அடியில் கிடந்த என்னைக் காலைப் பிடித்து இழுத்துப் போனவளே நீதான். ஆனால் தேதி போட்டாகிவிட்டது, பக்கத்தைக் காலியாக விட முடியாது. அதனால் 'கழுவும் தொட்டியில் குழாய் ஒழுகுகிறது' என்று எழுதினேன். மறுநாள் குழாய்க்காரர் வந்து அரை மணி நேரம் தொட்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேங்க இருக்கு" என்றார். "இப்ப இருக்கு" என்றேன்.

அந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம். எலிகளுக்குத் தீனி போட்டு முடித்துவிட்டு மேலே பெட்டியைத் துடைக்கப் போனேன். இயந்திரத்தை அணைக்காமல் போயிருந்தார்கள். அக்கா, எனக்கு ஏன் அந்தப் புத்தி வந்தது என்று தெரியவில்லை. கடித்த எலியின் உடம்பில் சாயம் இருந்தது, சாயம் எச்சிலில் வந்திருந்தால் என் விரலுக்குள்ளும் போயிருக்கும், விரலில் கிருமி இருந்தால் அதில் ஒட்டியிருக்கும், ஒட்டியிருந்தால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. பத்து மாதம் அவர்கள் பின்னால் நின்று பார்த்த படிப்பு அது. கையைக் கழுவவில்லை. கழுவினால் கிருமி ஓடிப்போய்விடும், அப்புறம் உண்மை எப்படித் தெரியும்? விரலை உள்ளே நீட்டி, மறு கையால் பொத்தானை அழுத்தினேன். திரையில் விரல் வந்தது. நுனி எரிந்துகொண்டிருந்தது. நடுவில் சிவப்பு, சுற்றி மஞ்சள், ஓரத்தில் பச்சை. எலியின் தொடையில் எத்தனையோ தடவை பார்த்த அதே வெளிச்சம். சுவரைப் பிடித்துக்கொண்டே படி இறங்கி, எலிகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் புதன்கிழமை சாயங்காலம் மகள் வந்து இறங்கினாள். நாற்பத்தோரு நாளாகப் போட்டோவில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பேத்தி. எதற்கும் சிரிக்காத இந்த மூஞ்சி அந்தப் போட்டோவைப் பார்த்து எத்தனை தடவை சிரித்தது என்று என் மனைவியைக் கேள், சொல்வாள். கார் கதவைத் திறந்ததும் மகள், "இந்தாங்கப்பா, உங்க பேத்தி, நீங்கதான் மொதல்ல வாங்கணும்" என்று நீட்டினாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "முதல்ல உள்ள போம்மா, காத்தடிக்குது" என்றேன். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். நீட்டிய கை நீட்டியபடியே ஒரு நொடி நின்றது. ஆனால் நாற்பத்தோரு நாள் பிள்ளை, அக்கா. எலியின் தொடையையே அப்படி வீங்க வைக்கிற கிருமி அவ்வளவு சிறிய உடம்பை என்ன செய்யும்?

வியாழக்கிழமை மதியம் இடது கையை நீட்டிப் பார்த்தேன். ஐந்து விரலும் எரிந்தன. வலது கையில் கடித்தது இடது கைக்கு எப்படிப் போனது? இதயம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும், வேறு பாதை இல்லை என்று நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். வெள்ளிக்கிழமை தலையைக் குனிந்து மூக்கை உள்ளே விட்டேன். மூக்கு நுனியும் எரிந்தது. இதற்கு மேல் எந்த உறுப்பையும் சோதிக்க எனக்குத் தைரியமில்லை. காய்ச்சல் மட்டும் வரவில்லை, அதுதான் பெரிய சந்தேகம். தெர்மாமீட்டர் பழுது என்று இன்னொன்று வாங்கினேன். அதுவும் அதே எண்ணைக் காட்டியதால் மூன்றாவது வாங்கினேன். மூன்றும் ஒன்றுக்கொன்று பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. உள்ளேயே அமுங்கிக் கிடக்கும் காய்ச்சல் என்று ஏதாவது உண்டா? வார்டில் பார்த்திருக்கிறாயா? ஒளிக்காமல் எழுது. இல்லை, கொஞ்சம் ஒளித்தே எழுது.

வீட்டில் தனித்தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. படுக்கை பால்கனியில். தட்டை நானே வெந்நீரில் கழுவுகிறேன். முப்பது வருடத்தில் தட்டைக் கழுவாதவன் கழுவினால் எந்த மனைவிதான் சும்மா இருப்பாள்? "என்னங்க, எம்மேல ஏதாச்சும் கோவமா?" என்றாள். இல்லை என்றேன். மறுநாள், "வேற யாராச்சும்...?" என்று ஆரம்பித்து, என்னை மேலிருந்து கீழ் வரை ஒருதடவை பார்த்து, "சேச்சே, அதெல்லாம் இருக்காது" என்று அவளே முடித்துக்கொண்டாள். எனக்கு நிம்மதியும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. சனிக்கிழமை அவளும் மகளும் மாடியில் துணி காயப்போடப் போயிருந்தபோது, தொட்டிலில் பாப்பா வீறிட்டு அழுதாள். நான் மட்டும்தான் வீட்டில். கதவோரம் நின்று வாயால் என்னென்னமோ சத்தம் செய்து பார்த்தேன், பயந்து இன்னும் அழுதாள். தொடவும் முடியாது, கேட்டுக்கொண்டு நிற்கவும் முடியாது. கொடியில் தொங்கிய குடையை எடுத்து, நீள நீட்டி, பிடியால் தொட்டிலை மெல்ல ஆட்டினேன். அழுகை நின்றது. என்னைப் பார்த்தாள், அக்கா. குடையின் மறுமுனையில் நிற்கிற கிழவனை உற்றுப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்து, குடையைப் பார்த்து, என்னைப் பார்த்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை உன் போன்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மூன்று வாரமாக மேலே வேறொரு கலவரம். கிருமியே ஏற்றாத நல்ல எலிகளின் வயிறும் பெட்டிக்குள் வைத்தால் எரிகிறது. ஒன்று இரண்டு இல்லை, அத்தனையும். சின்ன டாக்டர் சாயத்தை மாற்றிப் பார்த்தாள், கேமராவை மாற்றிப் பார்த்தாள், சாயமே ஏற்றாமலும் பார்த்தாள், அப்போதும் எரிகிறது. சாயமில்லாமலே எரிந்தால் இயந்திரத்தில்தான் கோளாறு என்று அவள் சொல்கிறாள். கிருமியே கூண்டு கூண்டாகப் பரவி ஏதோ விபரீதம் ஆகிவிட்டது என்று ஆய்வுக்கூடத் தலைவர் சொல்கிறார். நேற்று புதன்கிழமை அவர் கீழே இறங்கி வந்து, கூண்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை காலைல எல்லாத்தையும் முடிச்சிடலாம். அறையைச் சுத்தம் பண்ணிட்டுப் புதுசா ஆரம்பிப்போம்" என்றார். அவர் போன பிறகு சின்ன டாக்டர் கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "ரெண்டு வருஷம் அண்ணா" என்று மட்டும் சொன்னாள். ரெண்டு வருஷ உழைப்பும் அறுபத்து நான்கு உயிரும். அவற்றைத் தினமும் தொடுகிற கை எது? என் கை. எரிகிற கை. நான்தான் அத்தனைக்கும் பரப்பியிருக்கிறேன். கடிபட்டது பத்து நாளைக்கு முன்பு, வயிறு எரிய ஆரம்பித்தது மூன்று வாரத்துக்கு முன்பு, கணக்கு உதைக்கிறதே என்று கேட்பாய். பயப்படுகிறவனிடம் தேதி கேட்காதே.

ஆகவே அக்கா, என் முடிவு நெருங்கிவிட்டதாகவே நினைக்கிறேன். ரேடியோ மருமகனுக்கு. மடக்குக் குடை அத்தானுக்கு, குடைக்கு நோய் ஒட்டாது, பிடியை மட்டும் ஒருதடவை துடைத்துக்கொள்ளச் சொல். மனைவிக்கு மூன்று தெர்மாமீட்டரும். மகளிடம் மட்டும் நீ ஒன்று சொல்ல வேண்டும், என் வாயால் அது வராது. பொண்ணு பொறந்ததில் உன் அப்பனுக்கு வருத்தம் இல்லை, அவன் தூக்காமல் இருந்தது ஆசையில்லாமல் இல்லை என்று சொல். பாப்பா தூங்கும்போது வாசற்படிக்கு வெளியே நின்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தான் என்றும் சொல். பாப்பா மூக்கு உன் மூக்கு, அக்கா. அத்தானுக்கு என் வணக்கம், முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் தொடரட்டும். எனக்கு உன் ஆசி வேண்டும், கூடவே திட்டும் இருந்தால் தவறில்லை.

இப்படிக்கு, இதுவரை உயிரோடிருக்கும்,
உன் பயந்தாங்கொள்ளித் தம்பி

பி.கு.: அக்கா, வியாழக்கிழமை எழுதியதை உடனே தபாலில் சேர்க்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. மேலே எழுதியிருப்பதில் அத்தானின் முழங்காலைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். குடை எனக்கே வேண்டும்.

காலையில் கூண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொன்னார்கள். கைக்கு வந்த முதல் கூண்டில் வக்கீல். பின்னங்காலில் எழுந்து நின்று என்னைப் பார்த்தது. எனக்குக் கை வரவில்லை. "டாக்டரம்மா, எல்லாம் என்னாலதான், என் கைலேர்ந்துதான் பரவுச்சு" என்று கடித்ததிலிருந்து மூக்கு வரை உளறிக் கொட்டிவிட்டேன். அவள் என்னை இழுத்துக்கொண்டு மேலே போய், கையைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னாள். எரிந்தது. "போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றாள். கழுவிவிட்டு வைத்தேன். கும்மிருட்டு, அக்கா. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. "ஒரு சோப்புக்குப் போற நோய் எங்கண்ணா இருக்கு? கைல என்ன ஒட்டியிருந்துச்சு? காலைலேர்ந்து என்ன தொட்டீங்க?" என்றாள். வேறென்ன, தீனி. பல்லுக்கு வலிக்காமல் இருக்கட்டும் என்று கட்டியை வெறுங்கையால் உடைத்துத்தான் போடுவேன். சேமிப்பறைக்கு ஓடிப்போய் ஒரு கட்டியைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தாள். திரை முழுக்கச் சிவப்பு.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கம். மூன்று வாரத்துக்கு முன்பு அவள் புதிதாக ஒரு வெளுத்த தீனி வாங்கிவைத்து, 'இது மட்டும்' என்று மூட்டையில் சீட்டு ஒட்டியிருந்தாள். எலிகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. பட்டினியாகக் கிடந்தால் பாவம் என்று, மூலையில் மிச்சமிருந்த பழைய தீனியைப் போட ஆரம்பித்தேன். அதில் காய்ந்த குதிரைமசால் புல் அரைத்துக் கலந்திருக்கிறது. எலிகள் அதைத்தான் ஆவலாகத் தின்னும். அந்தப் பச்சைப் புல் தானாகவே அதே வெளிச்சத்தில் ஒளிருமாம். அது படத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் வெளுத்த தீனி. எலியின் வயிற்றில் எரிந்ததும் புல், என் விரலில் எரிந்ததும் புல், மூக்கைச் சொறிந்ததால் மூக்கிலும் புல். "காரணம் சொல்லாம சீட்டு மட்டும் ஒட்டினது என் தப்பு" என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தலைவர் வந்து, "மூணு வாரம்! புல்லுக்கா மூணு வாரம்!" என்று கத்தினார். கத்தி முடித்து, எலிகளை இருக்கிற இடத்திலேயே வைக்கச் சொன்னார். வெளுத்த தீனி போட்டு வயிறு சுத்தமான பிறகு மறுபடி படம் எடுக்கப் போகிறார்கள். அறுபத்து நான்கும் பிழைத்தன.

பதிவேட்டில் குழாயை அடித்துவிட்டு எலி என்று எழுத வைத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். ஊசியை எடுப்பதற்கு முன்பே நான் மயங்கிவிட்டதால் வலிக்கவில்லை. மருத்துவ அறை டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கீறல் ஆறியே போச்சு. அன்னைக்கே வந்திருக்கணும், இது தப்பு. ரிசல்ட் அடுத்த வாரம் வரும், ஆனா வர்ற நோய்னா இத்தனை நாள்ல வந்திருக்கும்" என்றார். "பேத்தியத் தூக்கலாமா?" என்று கேட்டேன். "கையக் கழுவிட்டுத் தூக்குங்க" என்றார். அவ்வளவுதான் அக்கா, ஒரே வரி. அந்த ஒரு வரியைக் கேட்பதற்கு எனக்குப் பத்து நாள் பிடித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து நான்கு தடவை கை கழுவினேன். மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொல்ல வேண்டியதையும் சேர்த்து நானே சொல்லிவிட்டேன், எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. அவள், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா. நீங்க பயப்படுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். என் மனைவி சமையலறையிலிருந்து, "நான் வேற என்னென்னமோ நெனச்சுட்டேன்" என்றாள். மகள் போய்ப் பாப்பாவை எடுத்துவந்து மறுபடியும் நீட்டினாள். இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன்.

கடைசி வரிகளின் எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து எனக்குப் பக்கவாதம் என்று கிளம்பி வந்துவிடாதே. இடது கையால் எழுதுகிறேன். மடியில் பாப்பா தூங்குகிறாள், கடிபட்ட விரலை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். உருவிக்கொள்ளலாம்தான். விழித்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.